தூதர் பட்டம் இல்லாத தூதர்: தைவான் துணை அதிபர் ஷியாவ் பி-கிம்

வணக்கம். தைவான் தேர்தல் பற்றிப் பேசியபோது, இன்றைய துணை அதிபர் ஷியாவ் பி-கிம் முன்பு அமெரிக்காவில் தைவானின் தூதராக இருந்தவர் என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுவிட்டு கோவையிலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வி இதுதான்: "அமெரிக்காவுக்கும் தைவானுக்கும் தூதரக உறவே கிடையாது என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியிருக்க அவர் எப்படித் தூதராக இருந்திருக்க முடியும்? அதோடு, தூதரக அதிகாரியாக இருந்த ஒருவர் எப்படித் திடீரென்று துணை அதிபர் ஆனார்? நம்ம ஜெய்சங்கர் மாதிரியா?"

நல்ல கேள்வி. கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெய்சங்கர் மாதிரி இல்லை. ஜெய்சங்கர் இளவயதிலேயே இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து, பல நாடுகளில் வேலை பார்த்து, வெளியுறவுச் செயலராகி, ஓய்வுக்குப் பிறகு 2019ல் அமைச்சர் ஆனவர். அதிகாரியாக இருந்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். ஷியாவ் விஷயத்தில் வரிசையே வேறு. அவர் இருபது வயதுகளிலிருந்தே கட்சிக்காரர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், ஒரு தேர்தலில் தோற்ற பிறகு வாஷிங்டனுக்குப் போனார், மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து துணை அதிபர் ஆனார். ஊடகங்கள் "முன்னாள் தூதர்" என்று எழுதுவதால் அந்த மூன்று வருஷம்தான் நம் கண்ணில் படுகிறது. முன்னால் இருந்த இருபத்தைந்து வருஷக் கட்சி வேலை படுவதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கட்சி வேலை இல்லாவிட்டால் வாஷிங்டனில் அவர் அவ்வளவு சாதித்திருக்க முடியாது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது தைவானில் இல்லை. 1971 ஆகஸ்ட்டில், ஜப்பானில் கோபே நகரத்தில். அப்பா தைவானைச் சேர்ந்த பிரஸ்பிட்டேரியன் பாதிரியார். அம்மா அமெரிக்கர், இசை ஆசிரியை. குழந்தையாக இருந்தபோதே குடும்பம் தைவானின் தெற்கே இருக்கிற தைனான் நகரத்துக்கு வந்துவிட்டது. அப்பா அங்கிருந்த இறையியல் கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்தார்.

இந்தப் பிரஸ்பிட்டேரியன் சபை விஷயத்தைச் சும்மா தாண்டிப் போய்விடக் கூடாது. அந்தக் காலத்துத் தைவானில் ராணுவச் சட்டம் அமலில் இருந்தது. 1949ல் தொடங்கியது 1987 வரை நீடித்தது. ஒரே கட்சி, கோமிந்தாங்கின் ஆட்சி. எதிர்க்கட்சி தொடங்க அனுமதி இல்லை. பள்ளிக்கூடத்தில் உள்ளூர்த் தைவான் மொழியில் பேசினால் தண்டனை. அப்படிப்பட்ட நேரத்தில் அந்த மொழியை விடாமல் பேசிக்கொண்டும், ஜனநாயகம் வேண்டும் என்று வெளிப்படையாக அறிக்கை விட்டுக்கொண்டும் இருந்த மிகச் சில அமைப்புகளில் இந்தச் சபையும் ஒன்று. அந்தச் சூழலில்தான் அவர் வளர்ந்தார். வீட்டில் ஆங்கிலம், தெருவில் தைவான் மொழி, பள்ளியில் மாண்டரின். மூன்றும் சரளம். பின்னால் இது அவருக்கு எவ்வளவு கைகொடுத்தது என்பதைப் பார்ப்போம்.

அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது தைவானுக்குப் பெரிய அடி விழுந்தது. 1978 டிசம்பர் நடுவில் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், 1979 ஜனவரி 1 முதல் பெய்ஜிங்கைத்தான் சீனாவின் அரசாக அங்கீகரிக்கப் போகிறோம் என்று அறிவித்தார். அதாவது தைப்பேயில் இருக்கிற அரசோடு தூதரக உறவு முடிந்தது. நேயரின் முதல் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

உறவை முறித்தாலும் அமெரிக்கா தைவானை அப்படியே விட்டுவிடவில்லை. நாடாளுமன்றம் தலையிட்டு 1979 ஏப்ரலில் தைவான் உறவுகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. தற்காப்புக்கான ஆயுதங்களைத் தைவானுக்குத் தருவோம், வியாபாரமும் மற்ற தொடர்புகளும் தொடரும், ஆனால் எல்லாம் "அதிகாரபூர்வமற்ற" முறையில் நடக்கும் என்பது ஏற்பாடு. தைப்பேயில் இருந்த அமெரிக்கத் தூதரகம் மூடப்பட்டு, அந்த இடத்தில் தைவானுக்கான அமெரிக்க நிறுவனம் என்று ஒன்று வந்தது. சட்டப்படி அது ஒரு தனியார் லாபநோக்கற்ற அமைப்பு! அங்கே வேலைக்குப் போகிற அமெரிக்க அதிகாரிகள் முன்பெல்லாம் அரசு வேலையிலிருந்து விலகிக்கொண்டு போய், திரும்பி வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார்கள். நாடகம்தான். ஆனால் இரண்டு பக்கமும் தெரிந்தே, வசனம் மறக்காமல் நடத்துகிற நாடகம்.

வாஷிங்டனில் தைவான் பக்கத்துக்கும் இதே மாதிரி ஒரு அலுவலகம். இப்போதைய பெயர் தைப்பே பொருளாதார, பண்பாட்டுப் பிரதிநிதி அலுவலகம். விசா கொடுப்பார்கள், ஆயுதக் கொள்முதல் பேசுவார்கள், வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவார்கள். ஒரு தூதரகம் செய்கிற எல்லாமும் நடக்கும், வாசலில் தூதரகம் என்ற பலகை மட்டும் இருக்காது. அதன் தலைவருக்குத் தூதர் என்ற பட்டம் இல்லை, பிரதிநிதி என்றுதான் பெயர். வெள்ளை மாளிகைக்குப் போய் நியமனப் பத்திரத்தை அதிபரிடம் கொடுக்கிற சடங்கு அவருக்குக் கிடையாது.

இது ஏதோ அமெரிக்காவுக்கு மட்டும் இருக்கிற விநோதம் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவுக்கும் தைவானோடு தூதரக உறவு இல்லை. டெல்லியில் 1995லிருந்து இதே பாணியில் தைப்பே பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது. சென்னையிலும் 2012ல் ஒன்று திறந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் மாதிரித் தைவான் கம்பெனிகள் இருப்பதால் அந்த அலுவலகத்துக்கு வேலைக்குக் குறைவில்லை. தைப்பேயில் நம்முடைய அலுவலகத்தின் பெயர் இந்தியா-தைப்பே சங்கம். பெயரைக் கேட்டால் ஏதோ நண்பர்கள் மன்றம் மாதிரி இருக்கும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் வெளியுறவுப் பணி அதிகாரி.

சரி, கதைக்கு வருவோம். பதின்ம வயதில் ஷியாவ் அமெரிக்காவுக்குப் போய் நியூஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடித்தார். ஓபர்லின் கல்லூரியில் கிழக்காசிய ஆய்வில் பட்டம், அதற்குப் பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் முதுகலை. அந்த நேரத்தில் தைவானில் ராணுவச் சட்டம் போய், எதிர்க்கட்சியான ஜனநாயக முற்போக்குக் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. இந்தக் கட்சி வாஷிங்டனில் ஒரு சிறிய அலுவலகம் வைத்திருந்தது. அதில் வேலை பார்க்கத் தொடங்கினார். பிறகு தைப்பேக்குத் திரும்பிக் கட்சியின் சர்வதேசப் பிரிவுக்குப் பொறுப்பாளர் ஆனார். இருபது வயதுகளில் இருந்த பெண்ணுக்கு அது பெரிய பதவிதான். ஆனால் அப்போது அந்தக் கட்சி ஆட்சிக்கு வரும் என்று பலர் நம்பவில்லை, அதனால் போட்டியும் அவ்வளவு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

2000ல் அது நடந்தேவிட்டது. சென் ஷுய்-பியன் வென்றார். கோமிந்தாங் அல்லாத ஒருவர் தைவானில் அதிபரானது அதுதான் முதல் முறை. புதிய அதிபருக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, வெளிநாட்டுத் தலைவர்களோடு பேசிப் பழக்கமும் இல்லை. ஷியாவ் அதிபர் மாளிகையில் ஆலோசகராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் போய்ச் சேர்ந்தார். மொழிபெயர்ப்பாளர் வேலையைக் குறைவாக நினைக்காதீர்கள். தைவான் அதிபர் ஒரு அமெரிக்கப் பிரதிநிதியோடு பேசும்போது, சுதந்திரம், ஒரே சீனா (தைவானும் சீனாவின் பகுதிதான் என்று பெய்ஜிங் சொல்வது) மாதிரியான விஷயங்களில் ஒரு சொல் பிசகினாலும் மறுநாள் பெய்ஜிங்கிலிருந்து அறிக்கை வரும். எந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று அந்த அறையில் உட்கார்ந்துதான் அவர் கற்றுக்கொண்டார்.

2001 டிசம்பர் தேர்தலில், வெளிநாட்டில் இருக்கிற தைவானியர்களுக்கான பட்டியலில் அவர் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். தைவான் சட்டப்படி அரசுப் பதவியில் இருப்பவர் வேறு நாட்டுக் குடியுரிமை வைத்திருக்கக் கூடாது. 2002ல் அமெரிக்கக் குடியுரிமையை விட்டுக்கொடுத்தார். 2004ல் தைப்பேயில் தொகுதியில் நின்று ஜெயித்தார். 2006ல் ஒருபாலினத் திருமணத்தை அனுமதிக்கிற மசோதாவைக் கொண்டுவந்தார். எடுத்த எடுப்பிலேயே தடுத்துவிட்டார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து, 2019 மே மாதம், ஆசியாவிலேயே முதல் நாடாகத் தைவான் அதைச் சட்டமாக்கியது. அப்போதும் அவர் அவையில் இருந்தார்.

இனிமேல் வருவதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். 2007 வாக்கில் ஜனநாயக முற்போக்குக் கட்சிக்குள் பெரிய சண்டை. அதிபர் சென் குடும்பத்தின் மீது ஊழல் புகார், கட்சியில் சிலர் அவரை விமர்சித்தார்கள். கட்சியின் தீவிர சுதந்திரவாதிகளுக்கு அது பிடிக்கவில்லை. விமர்சித்தவர்கள், நடுநிலையாகப் பேசியவர்கள் எல்லோரையும் துரோகிப் பட்டியலில் சேர்த்தார்கள். ஷியாவ் பெயரும் அதில் வந்தது. அவரைச் சீனா பக்கம் சாய்ந்தவர் என்றே வசைபாடினார்கள். 2008 தேர்தலில் அவருக்குத் தொகுதி கிடைக்கவில்லை. இதே ஷியாவை 2022ல் பெய்ஜிங் "பிடிவாதமான தைவான் பிரிவினைவாதி" என்று பட்டியல் போட்டுத் தடைவிதித்தது. இரண்டு பட்டியலிலும் இடம்பிடித்தவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். கட்சிக்குள் மிதமாகப் பேசுகிறவர் என்ற பெயர்தான் அன்று அவருக்குத் தொகுதியைப் பறித்தது, அதே பெயர்தான் பின்னால் வாஷிங்டனில் அவருக்குக் கதவைத் திறந்தது.

2008ல் கட்சி படுதோல்வி. அந்த நேரத்தில் பாதுகாப்பான ஒரு இடம் தேடிப் போயிருக்கலாம். அவர் போனது ஹுவாலியனுக்கு. தைவான் வரைபடத்தில் கிழக்குக் கரையைப் பார்த்தால் மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம் தெரியும். தரோகோ பள்ளத்தாக்கு அங்கேதான். ஆமிஸ் மாதிரியான பழங்குடி மக்கள் நிறைய வாழ்கிற மாவட்டம். வடக்கே போகிற மலைச்சாலை மழை வந்தால் சரியும், பூகம்பம் அடிக்கடி வரும். தேர்தல் கணக்கில் கோமிந்தாங்கின் கோட்டை. மேற்குக் கரையில் வளர்ந்து, அமெரிக்காவில் படித்து, தலைநகரில் எம்.பி.யாக இருந்தவர் அங்கே போய் 2010 இடைத்தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனால் அந்தத் தொகுதியில் அவருடைய கட்சி அதுவரை பார்த்திராத அளவுக்கு ஓட்டு வந்தது. தோற்ற பிறகும் ஊரைவிட்டுப் போகவில்லை. 2012ல் கட்சிப் பட்டியல் மூலம் அவைக்குப் போனாலும் ஹுவாலியன் வேலையை விடவில்லை. 2016ல் அதே தொகுதியில் பதவியில் இருந்த கோமிந்தாங் எம்.பி.யைத் தோற்கடித்தார்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். வாஷிங்டன் கதையை எல்லோரும் சொல்வார்கள். ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை, சாலை சரிந்துவிட்டது, வீடு இடிந்துவிட்டது என்று வருகிற மக்களோடு ஆறேழு வருஷம் உட்கார்ந்து, எதிராளியின் கோட்டையைப் பிடித்த கதையை யாரும் சொல்வதில்லை. 2018 பிப்ரவரியில் ஹுவாலியன் பூகம்பத்தில் 17 பேர் இறந்தார்கள், கட்டடங்கள் சாய்ந்து நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது அந்தத் தொகுதியின் எம்.பி. இவர்தான்.

ஆனாலும் 2020 ஜனவரி 11ல் தோற்றார். தோற்கடித்தவர் ஃபு குன்-சி. முன்பு அதே மாவட்டத்தின் தலைவராக இருந்தவர், ஊரில் பெரிய செல்வாக்கு, அப்போது மாவட்டத் தலைவர் பதவியில் அவருடைய மனைவி. சுயேச்சையாக நின்றே ஜெயித்தார். பிறகு கோமிந்தாங்குக்குத் திரும்பி இன்று நாடாளுமன்றத்தில் அந்தக் கட்சியின் குழுத் தலைவர். ஆளும் தரப்புக்கு இன்றைக்கு அவையில் பெரிய தலைவலி இவர்தான். 2025 ஜூலையில் இவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள், அதிலும் தப்பிவிட்டார்.

ஷியாவ் தோற்ற அதே நாளில் அவருடைய கட்சியின் சாய் இங்-வென் 57 சதவீத ஓட்டோடு அதிபர் தேர்தலில் மறுபடி ஜெயித்தார். கட்சி கொண்டாட்டத்தில் இருக்கிறது, இவர் பதவி இழந்து நிற்கிறார். கொஞ்ச காலம் தேசியப் பாதுகாப்புக் குழுவில் ஆலோசகர். அப்புறம் ஜூனில் அறிவிப்பு வந்தது, ஜூலையில் வாஷிங்டனில் பொறுப்பேற்றார். தைவானின் பிரதிநிதியாக அங்கே போன முதல் பெண். ஹுவாலியனில் ஜெயித்திருந்தால் இது நடந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

இப்போது நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். வழக்கமான ஒரு நாட்டின் தூதர், போன இடத்தில் வெளியுறவு அமைச்சகத்தின் கதவைத் தட்டினால் போதும். தைவான் பிரதிநிதிக்கு அந்தக் கதவு பாதிதான் திறக்கும். நீண்ட காலம் அமெரிக்க அதிகாரிகள் அவர்களை அலுவலகத்தில் சந்திக்காமல் வெளியே ஹோட்டலில் சந்திக்கிற பழக்கம் இருந்தது. அதனால் தைவானுக்கு வாஷிங்டனில் உண்மையான பலம் நாடாளுமன்றம்தான். 1979 சட்டத்தைக் கொண்டுவந்ததே அந்த அவை. அங்கே இரண்டு கட்சிக்காரர்களையும் தனித்தனியாகப் பார்த்து, அவரவர் தொகுதியில் என்ன பிரச்சினை, யாருக்கு எதில் அக்கறை என்று தெரிந்து பேச வேண்டும். ஒருவர் மனித உரிமை பேசினால் கேட்பார், இன்னொருவர் தன் மாநிலத்து விவசாயப் பொருளைத் தைவான் எவ்வளவு வாங்குகிறது என்றால்தான் கேட்பார். இது அதிகாரியின் வேலை இல்லை. ஓட்டுக் கேட்டுப் பழகியவரின் வேலை. கோமிந்தாங் கோட்டையில் வீடுவீடாகப் போனவருக்கு இது புதிதாக இருந்திருக்காது.

நேரமும் இக்கட்டான நேரம். அவர் போனபோது டிரம்ப் ஆட்சியின் கடைசி மாதங்கள். தைவானில் டிரம்ப்புக்கு ஆதரவாளர்கள் அதிகம், பைடன் வந்தால் சீனாவோடு மென்மையாகப் போய்விடுவார் என்ற பயமும் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் போய்விடும். 2021 ஜனவரி 20 அன்று பைடன் பதவியேற்பு விழாவில் ஷியாவ் உட்கார்ந்திருந்தார். விழாவை நடத்துகிற நாடாளுமன்றக் கூட்டுக்குழு அவரை முறைப்படி அழைத்திருந்தது. 1979க்குப் பிறகு தைவான் பிரதிநிதிக்கு அப்படி அழைப்பு வந்தது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் போனவர்கள் எல்லாம் யாராவது எம்.பி. தன் கணக்கில் தருகிற டிக்கெட்டில் போவார்கள். கவனியுங்கள், இங்கேயும் கூப்பிட்டது நாடாளுமன்றம்தான். அடுத்த மாதமே அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரியைச் சந்தித்த செய்தி படத்தோடு வெளியானது. ட்விட்டரில் தன்னை "அமெரிக்காவுக்கான தைவான் தூதர்" என்றே எழுதிக்கொண்டார். சட்டப்படி இல்லாத பட்டம். பெய்ஜிங்குக்குக் கோபம், வாஷிங்டன் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். வாஷிங்டனில் ட்வின் ஓக்ஸ் என்று ஒரு பழைய மாளிகை இருக்கிறது. 1937லிருந்து சீனக் குடியரசின் (தைவான் அரசின் அதிகாரபூர்வப் பெயர் இதுதான்) தூதர்கள் அங்கே குடியிருந்தார்கள். 1978 டிசம்பரில் உறவு முறியப் போகிறது என்று தெரிந்ததும், சொத்து பெய்ஜிங் கைக்குப் போய்விடாமல் இருக்க, அவசர அவசரமாக ஒரு அமெரிக்க ஆதரவு அமைப்புக்குப் பெயரளவு விலைக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1982ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இன்றும் தைவானுக்குத்தான் சொந்தம். ஆனால் அதில் பிரதிநிதி குடியிருப்பதில்லை, விருந்து மட்டும் நடக்கும். 2015 புத்தாண்டு அன்று, ஷியாவுக்கு முன்னால் இருந்த ஒரு பிரதிநிதி அங்கே கொடியேற்றினார். 36 வருஷத்தில் முதல் தடவை. அமெரிக்க அரசு வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தது. ஒரு கொடிக்கு அவ்வளவு! எது அமெரிக்காவைச் சங்கடப்படுத்தும், எது படுத்தாது என்ற கோடு எழுதிவைத்த கோடு இல்லை. ஷியாவ் அந்தக் கோட்டைச் சரியாகக் கணித்தார் என்றுதான் சொல்வேன். கொடியேற்றவில்லை, ஆனால் மற்ற எல்லா இடத்திலும் இருந்தார்.

சீனத் தூதர்கள் அப்போது ஓநாய் வீரர்கள் என்ற பெயரோடு எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்கள். இவர் தன்னைப் பூனை வீரர் என்று சொல்லிக்கொண்டார். பூனை குறுகலான இடத்திலும் தடுமாறாமல் நடக்கும் என்பது அவர் தந்த விளக்கம். நிஜமாகவே வீட்டில் பூனை வளர்க்கிறவர். ஊடகங்களுக்கு இது அல்வா மாதிரிக் கிடைத்துவிட்டது. எனக்கு இந்தப் பூனைக் கதை சற்று அதிகமாகவே ஓடிவிட்டது என்று தோன்றும், ஆனால் வேலை செய்தது என்பதை மறுக்க முடியாது.

வேலையில் நடந்தது என்ன? 2021 ஜூனில், தைவானில் கொரோனா தடுப்பூசிக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்கா 25 லட்சம் டோஸ் அனுப்பியது. 2022 ஆகஸ்ட்டில் அப்போதைய அமெரிக்க அவைத் தலைவர் நான்சி பெலோசி தைப்பேக்குப் போனார், சீனா தீவைச் சுற்றி ஏவுகணைப் பயிற்சி நடத்தியது, அந்த மாதமே ஷியாவ் மீது தடை அறிவித்தது. 2023 ஏப்ரலில் சாய் இங்-வென் கலிபோர்னியாவில் அமெரிக்க அவைத் தலைவர் மெக்கார்த்தியைச் சந்தித்ததும் இன்னொரு சுற்றுத் தடை. 2023 ஜூன் 1 அன்று தைவானும் அமெரிக்காவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின் முதல் பகுதியில் தைவான் சார்பில் கையெழுத்து போட்டவர் இவர்தான். இதில் எல்லாப் பெருமையும் ஒருவருக்கே சேரும் என்று நான் சொல்ல மாட்டேன். உக்ரைன் போர், சிப் தொழில், சீனா மீது இரண்டு கட்சிக்கும் வந்த கோபம், எல்லாம் சேர்ந்து காற்று தைவான் பக்கம் அடித்த நேரம் அது.

2023 நவம்பர் 20 அன்று, அப்போதைய துணை அதிபர் லாய் சிங்-தே தன்னோடு துணை அதிபர் பதவிக்கு நிற்பவர் ஷியாவ் என்று அறிவித்தார். ஏன் இவர்? லாய் ஒரு காலத்தில் சுதந்திரத்துக்காக உழைக்கிறவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். அவர் வந்தால் எதையாவது செய்து வம்பில் மாட்டிவிடுவாரோ என்று வாஷிங்டனில் சிலருக்குக் கவலை. வாஷிங்டனுக்கு நன்றாகத் தெரிந்த, நிதானமானவர் என்று பெயர் எடுத்த ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்தக் கவலை குறையும். தைவானில் அதிபரும் துணை அதிபரும் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும், ஒரே ஓட்டு. 2024 ஜனவரி 13ல் மும்முனைப் போட்டி. லாய்-ஷியாவ் ஜோடிக்கு 40 சதவீதம், சுமார் 56 லட்சம் ஓட்டு. அதிபர் பதவி கிடைத்தது, ஆனால் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை போய்விட்டது. 113 இடத்தில் கோமிந்தாங்குக்கு 52, இவர்களுக்கு 51. இரண்டே நாளில் நவ்ரு என்ற குட்டித் தீவு நாடு தைவானை விட்டுவிட்டுப் பெய்ஜிங் பக்கம் போனது. தைவானை முறைப்படி அங்கீகரிக்கிற நாடுகள் பன்னிரண்டாகக் குறைந்தன.

2024 மே 20 முதல் அவர் துணை அதிபர். ஆனெட் லூவுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது பெண். அரசியல் சட்டப்படி அந்தப் பதவிக்குத் தனியாகப் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை. அதிபருக்கு ஏதாவது ஆனால் அந்த இடத்துக்கு வருவார், 1988ல் லீ டெங்-ஹுய் அப்படித்தான் அதிபரானார். மற்றபடி அதிபர் கொடுக்கிற வேலைதான். போர் அல்லது பேரிடர் வந்தால் சமூகம் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்று பார்க்க லாய் அமைத்த குழுவில் இவர் துணைப் பொறுப்பாளர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்கா கடைப்பிடிக்கிற வழக்கப்படி தைவானின் அதிபர், துணை அதிபர், பிரதமர், வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் ஆகியோர் வாஷிங்டனுக்கு வருவதில்லை. வேறு நாட்டுக்குப் போகிற வழியில் வேறு ஊரில் இறங்கிப் போகலாம், அவ்வளவுதான். அதாவது வாஷிங்டனைத் தெரிந்தவர் என்பதற்காகவே துணை அதிபராக்கப்பட்டவர், பதவி ஏற்றதும் அந்த ஊருக்குப் போக முடியாது. அவர் இருந்த இடத்துக்கு அலெக்சாண்டர் யுய் என்ற முழுநேர வெளியுறவு அதிகாரியை அனுப்பினார்கள். நேயர் கேட்ட மாதிரி அதிகாரியாக இருந்து அரசியலுக்கு வந்தவர் தைவானில் இல்லாமல் இல்லை. ஜேசன் ஹூ என்ற கோமிந்தாங் தலைவர் வாஷிங்டன் பிரதிநிதி, வெளியுறவு அமைச்சர் எல்லாம் பார்த்துவிட்டு, 2001லிருந்து 2014 வரை தைச்சுங் நகர மேயராக இருந்தார். ஷியாவ் போனது எதிர்ப்பாதை.

வாஷிங்டன் மூடினால் ஐரோப்பா இருக்கிறது. 2024 மார்ச்சில், பதவி ஏற்கும் முன்பே, செக் குடியரசுக்குப் போனார். பிராக் நகரில் அவருடைய வாகனங்களைச் சீனத் தூதரகக் கார் ஒன்று சிவப்பு விளக்கையும் தாண்டித் துரத்தியது. அவர் காரோடு ஒரு மோதலை ஏற்படுத்தத் திட்டம் இருந்தது என்று செக் ராணுவ உளவுத்துறை சொன்னதாக 2025 ஜூனில் செய்தி வந்தது. சீனா மறுத்தது. 2025 நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் போனார். ஐரோப்பிய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள், பல நாட்டு எம்.பி.க்கள் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் பேசினார். முன்கூட்டி அறிவிப்பே இல்லை. நாடாளுமன்றம் அழைத்ததாக இல்லாமல், நாடாளுமன்றத்துக்குள் எம்.பி.க்கள் நடத்துகிற கூட்டம் அழைத்ததாக ஏற்பாடு. பழைய வாஷிங்டன் கணக்குதான் இது, ஊர் மட்டும் வேறு.

அடுத்து அவர் அதிபர் ஆவாரா என்று இன்னும் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். லாயின் முதல் பதவிக்காலம் 2028 வரை. அவர் இன்னொரு முறை நிற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, நிற்கத்தான் செய்வார். அதனால் ஷியாவ் விஷயம் 2032 கணக்கு. அதற்குள் ஹுவாலியன் மாதிரி எத்தனை தோல்வி, எத்தனை திருப்பம் வரும் என்று இப்போதே சொல்லிப் பயனில்லை. சிப் தொழிற்சாலைகள் அமெரிக்காவுக்குப் போவது பற்றி வந்த கேள்வி பெரியது, அதை அடுத்த பதிவில் தனியாக எடுத்துக்கொள்கிறேன். வணக்கம்.